குழாயில் எழுதிய ஊர்ப்பெயர்

பழைய இரும்புக்கடையில் குழாய் ஸ்பீக்கருக்கு எடை போட்டுத்தான் விலை. விரிந்த வாய் அலுமினியத் தகடு. அதற்கு ஒரு விலை. பின்னால் இருக்கும் யூனிட்டுக்குள் காந்தமும் இரும்பும். அதற்கு வேறு விலை. உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தால் கடைக்காரர் அதைத் தரையில் தட்டி உதிர்த்துவிட்டுத்தான் தராசில் ஏற்றுவார். வெளிப்பக்கத்தில் சிவப்பிலோ பச்சையிலோ ஒரு சவுண்டு சர்வீஸின் பெயர் எழுதியிருக்கும். பெரும்பாலும் அது சாமி பெயர், இல்லாவிட்டால் முதலாளியின் பிள்ளை பெயர். அதன் கீழே ஊர்ப்பெயர், பாதி உரிந்த நிலையில். அந்தப் பெயிண்டுக்குத் தராசில் எடை கிடையாது.

இப்போது அதே கடைகளுக்கு வேறு வகை ஆட்களும் வருகிறார்கள். எடைக்குப் போட வந்த குழாயை எடை விலைக்கு மேலே கொடுத்து வாங்கிப்போய், துரு நீக்கி, காயில் மாற்றி, மறுபடி பாட வைப்பவர்கள். தமிழ்நாட்டில் வால்வு ஆம்ப்ளிஃபயர், இசைத்தட்டு, குழாய் என்று தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். வெளிநாடுகளில் பழைய ஸ்பீக்கர் மோகம் என்றால் வரவேற்பறையில் வைக்கும் தேக்குப் பெட்டிதான் பேச்சு. இங்கே மோகம் தென்னைமரத்தில் கட்டும் குழாய் மேல். இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. அதன் ஒரு முனை சான் பிரான்சிஸ்கோவில். இன்னொரு முனை சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில்.

குழாய், கூம்பு, புனல், ஹார்ன் என்று ஊருக்கொரு பெயர். தொழிலை மைக் செட் என்பார்கள், ரேடியோ செட் என்பார்கள். ரேடியோவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கல்யாண வீட்டில் பாட்டு வந்தது இசைத்தட்டிலிருந்து. ஆனால் பல ஊர்களில் மக்கள் இந்தக் குழாயை முதலில் பார்த்தது பஞ்சாயத்து ரேடியோவின் உச்சியில்தான். சாயங்காலம் செய்தி வாசித்த அந்தக் குழாயிலிருந்தே பெயர் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்ற இருவர் கலிஃபோர்னியாவில் சுருளும் காந்தமும் சேர்ந்த ஒரு கருவியைச் செய்து, அதன் முன்னால் கிராமபோன் குழாயைப் பொருத்தினார்கள். 1915-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்தின் முன்னால் கூடிய பெருங்கூட்டத்துக்குப் பேச்சையும் பாட்டையும் அது கொண்டுசேர்த்தது. கருவிக்கு மேக்னவாக்ஸ் என்று பெயர். லத்தீனில் பெருங்குரல் என்று பொருள். நான்கு ஆண்டு கழித்து சான் டியாகோவில் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் அதே கருவி மூலம் பல்லாயிரம் பேருக்குப் பேசினார். 1926-இல் வென்ட், துராஸ் என்ற பெல் ஆய்வகப் பொறியாளர்கள் பேசும் படத்துக்காக உருவாக்கிய கம்ப்ரஷன் யூனிட்தான் இன்று மரத்தில் தொங்கும் ஒவ்வொரு குழாய்க்கும் பாட்டன்.

அந்த யூனிட்டின் சூட்சுமம் எளிது. ஒரு சிறு தகடு அதிர்கிறது. அந்தத் தகட்டின் முன்னால் ஒரு குறுகிய வாசல். காற்று அங்கே நெருக்குண்டு வேகமாக வெளியேறுகிறது. வாசலிலிருந்து மெல்ல மெல்ல விரியும் குழாய், நெருக்குண்ட காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காற்றோடு பழக்கி அனுப்புகிறது. நாகஸ்வரத்தின் அணசு செய்யும் வேலைக்கு இது பக்கத்து வீடு. வீட்டில் வைக்கும் பெட்டி ஸ்பீக்கர், தனக்குத் தரும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கைத்தான் ஒலியாக்கும், மிச்சமெல்லாம் சூடு. குழாய் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் ஒலியாக்கும். மின்சாரமே அரிதாக இருந்த நாட்டில், கார் பேட்டரியில் ஓட்ட வேண்டிய ஆம்ப்ளிஃபயரோடு, வேறெதுவும் வேலைக்கு ஆகியிருக்காது.

இது இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்குச் சேலத்துக்காரர் ஒருவரையே சாட்சிக்கு அழைக்கலாம். சேலம் சி. விஜயராகவாச்சாரியார் 1920-இல் நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். 14,000-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் வந்திருந்த மாநாடு அது. ஒத்துழையாமை இயக்கத்தை உறுதிசெய்த மாநாடும் அதுவே. ஒலிபெருக்கி இல்லாத அந்தக் காலத்தில் தலைவரின் குரல் முன்வரிசைகளைத் தாண்டுவதே பெரும்பாடு. பின்னால் இருந்தவர்கள் மறுநாள் பத்திரிகை பார்த்துத்தான் தங்கள் தலைவர் என்ன பேசினார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பதினொரு ஆண்டு கழித்து நிலைமை மாறியது. சிந்துப் பகுதியிலிருந்து வந்து பம்பாயில் வேரூன்றிய மோட்வானே குடும்பத்தின் கடைக்கு சிக்காகோ ரேடியோ என்று பெயர். காந்தி பேசுவது கடைசி வரிசைக்குக் கேட்காமல் போவதைப் பார்த்த நானிக் மோட்வானே, காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கொடுப்பதென்று முடிவெடுத்ததாக அந்தக் குடும்பத்தார் சொல்வார்கள். 1931 கராச்சி மாநாட்டில் அவர்களுடைய குழாய்கள் பேசின. காந்தி, நேரு படங்களில் மைக்கின் மேல் ஒரு சிறு தகட்டில் சிக்காகோ என்று எழுதியிருப்பதை இப்போதும் பார்க்கலாம். அமெரிக்க நகரத்தின் பெயர் எதற்கு அங்கே என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் விடை. 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாயின் கோவாலியா குளத்து மைதானத்தில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் ஒலித்ததும் இவர்கள் கட்டிய செட்டில்தான். அதைத் தொடர்ந்து உஷா மேத்தாவும் நண்பர்களும் நடத்திய ரகசியக் காங்கிரஸ் வானொலிக்குக் கருவி கொடுத்ததாக நானிக் மோட்வானே மீது வழக்குப் போட்டார்கள். உஷா மேத்தாவுக்கு நான்காண்டு சிறை, மோட்வானே விடுதலையானார். மைக் செட்டுக்காரர் குற்றவாளிக் கூண்டில் நின்ற முதல் பெரிய வழக்கு அதுவாகத்தான் இருக்கும்.

சென்னையில் கதை வேறு பாதையில் போனது. 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்நின்று தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப் பணமில்லாமல் மூன்றே ஆண்டில் மூடிக்கொண்டது. அதன் டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சிக்குப் போனது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்தியது. வீட்டில் ரேடியோ வாங்க வசதி உள்ளவர்கள் சிலர்தான் என்பதால், மெரினா கடற்கரை, ராபின்சன் பூங்கா போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலி சென்னை நிலையம் தொடங்கும்வரை இந்த ஏற்பாடுதான். கடலைப் பொட்டலத்தோடு மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்கும் பழக்கத்துக்கு வயது அவ்வளவு. அதே ராபின்சன் பூங்காவில்தான் 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டு தமிழ்நாட்டு அரசியலே குழாய் வழியாக நடந்தது. எதுகையும் மோனையும் இழுத்த மூச்சும் கொண்ட அந்த மேடைத் தமிழ், மைக் இல்லாமல் பிறந்திருக்காது. கத்த வேண்டிய அவசியம் போனபிறகுதான் பேச்சாளர் குரலைத் தாழ்த்தவும் நிறுத்தவும் குழையவும் முடிந்தது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்கள், மலை ஏறுவதற்கு முன்னால் சாலையோரம் ஒரு வளைவைக் கடப்பார்கள். மாடர்ன் தியேட்டர்ஸின் வாசல் அது. டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய அந்த ஸ்டூடியோ நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-இல் இங்கிருந்துதான் போனது. தமிழின் முதல் முழு வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் வந்ததும் இங்கிருந்தே. இன்று ஸ்டூடியோ இல்லை, வளைவு மட்டும் நிற்கிறது; ஏற்காட்டுக்குப் போகிற சுற்றுலாக்காரர்கள் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

சினிமா ஸ்டூடியோவுக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் நேரடியானது. படத்தைக் கொட்டகைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பாட்டு ஊருக்கே வந்துவிடும். டூரிங் டாக்கீஸில் ஆட்டம் தொடங்குவதற்கு முன் குழாயில் பாட்டு போடுவார்கள். பிள்ளையார் பாட்டு வந்தால் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று சுற்றுவட்டத்துக்கே தெரியும். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மாரியம்மன் பண்டிகை எல்லாவற்றுக்கும் செட்டு. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்து வசனமும் ‘திருவிளையாடல்’ படத்துத் தருமி காட்சியும் இசைத்தட்டிலிருந்து ஒலித்து ஒலித்து, படமே பார்க்காதவர்களுக்கும் மனப்பாடம் ஆயின. இசைத்தட்டு போய் கேசட் வந்தபிறகு 1984-இல் ‘விதி’ படத்தின் நீதிமன்ற வாதம் அந்த இடத்தைப் பிடித்தது. கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்துக்கு முன்னால் ஏமாற்றப்பட்ட பெண்ணின் வழக்கை ஊரே கேட்கும் விநோதத்தை வேறெந்த நாட்டிலும் பார்த்திருக்க முடியாது.

சேலத்தில் ஆடி மாதம் வந்தால் செட்டுக்காரர்களுக்கு அறுவடை. கோட்டை மாரியம்மன் பண்டிகையும் அதோடு பேட்டைதோறும் நடக்கும் மாரியம்மன் பண்டிகைகளும் நகரம் முழுவதையும் குழாயால் கட்டிப்போடும். மலை மேலே நாட்காட்டி வேறு. ஏற்காட்டின் உயரம் 1,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் காபிச்செடியைக் கொண்டுவந்ததிலிருந்து மலையின் பெரும்பகுதி தோட்டமாகிவிட்டது. மலையாளிப் பழங்குடியினரின் கிராமங்கள் தோட்டங்களுக்கு நடுவிலும் அப்பாலும் சிதறிக் கிடக்கின்றன. அவர்களுக்குப் பெரிய நாள், மலை உச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் மே மாதத்தில் நடக்கும் திருவிழா. அதே மாதத்தில் கீழே ஏரிப்பக்கம் அரசாங்கத்தின் கோடை விழா. இரண்டுக்கும் குரல் வேண்டும்.

இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஒரு செட்டை மேலே கொண்டுபோவது லேசான காரியமல்ல. வால்வு ஆம்ப்ளிஃபயர் பத்துப் பதினைந்து கிலோ. அதில் பாதி டிரான்ஸ்ஃபார்மரின் கனம். பேட்டரி தனிச் சுமை. குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்காது. ஒயர் வேறு, சுருள் சுருளாக.

ஒயர் என்றதும் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தொழிலின் மூளை அங்கேதான் இருக்கிறது. மேடையிலிருந்து 300 மீட்டர் தள்ளி ஒரு குழாயைக் கட்ட வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் நேரடியாக அனுப்பினால் ஒயரில் மூன்றரை ஆம்பியர் ஓடும். மெல்லிய ஒயர் என்றால் சக்தியில் பெரும்பங்கை ஒயரே தின்றுவிடும். அதையே 100 வோல்ட்டாக உயர்த்தி அனுப்பினால் ஒரு ஆம்பியர் போதும். ஒயரில் வீணாகும் சக்தி பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறையும். குழாயின் முதுகில் இருக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் அதை மறுபடி இறக்கிக்கொள்ளும். மேட்டூரிலிருந்து மின்சாரம் உயர் அழுத்தத்தில் வருவதற்கும் இதற்கும் ஒரே தத்துவம். பத்தாம் வகுப்பைத் தாண்டாத செட்டுக்காரர்கள், எந்தக் குழாயை டிரான்ஸ்ஃபார்மரின் எந்த ‘டேப்’ முனையில் போட்டால் எத்தனை வாட் இழுக்கும் என்பதை விரல்நுனியில் வைத்திருந்தார்கள். மொத்தக் குழாய்களின் வாட் கூட்டுத்தொகை ஆம்ப்ளிஃபயரின் வாட்டைத் தாண்டக்கூடாது. அவ்வளவுதான் சூத்திரம்.

ஆனால் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. மலையில் அதுதான் பாதி வேலை. ஒலி ஒரு கிலோமீட்டர் போக ஏறத்தாழ மூன்று விநாடி ஆகும். எதிர்ச் சரிவில் இன்னொரு குழாய் கட்டினால், ஒரு குழாய்க்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரே வரி இரண்டு முறை கேட்கும்; பாட்டென்றால் சகிக்கலாம், பேச்சென்றால் குழம்பிவிடும். ராத்திரி குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, மேலே அதைவிடச் சூடான காற்று நிற்கும்போது, மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழே திரும்பும். பகலில் பக்கத்துத் தோட்டத்துக்கே எட்டாத குழாய், பின்னிரவில் மூன்று கிராமம் தள்ளித் தெளிவாகக் கேட்பது அதனால்தான்.

குழாயின் ஒலியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை? சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். மேலே ஐந்தாறாயிரம் ஹெர்ட்ஸோடு சரி. தவிலின் தொப்பி, மிருதங்கத்தின் கும்கி, ஆர்கெஸ்ட்ராவின் பேஸ் எல்லாம் போய்விடும். எஞ்சுவது மனிதக் குரலின் நடுப்பகுதி: வல்லினமும் மூக்கொலியும் ழகர லகரங்களும் வாழும் இடம். சீர்காழி கோவிந்தராஜன், டி.எம். சௌந்தரராஜன், எல்.ஆர். ஈஸ்வரி, நாகூர் ஹனிபா ஆகியோரின் குரலைக் குழாயில் கேட்டவர்கள் வேறு எதில் கேட்டாலும் ஏதோ குறைகிறது என்பார்கள். நினைவின் மயக்கம் என்று அதைத் தள்ளிவிட வேண்டாம். கணீரென்ற உச்சரிப்பும் உச்ச ஸ்தாயியும் கொண்ட குரல்கள் இந்தக் குறுகிய வாசலில் சேதாரமில்லாமல் நுழைந்து வெளியே வந்தன. மெல்லிய குரல்கள் நுழையும்போதே பாதி உதிர்ந்தன. எந்தப் பாடகர் கிராமத்துப் பாடகர் ஆனார் என்பதைத் தீர்மானித்ததில் அலுமினியக் குழாய்க்கும் பங்குண்டு.

பழுது பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். குழாயை ஹை-ஃபை ஆக்கப் பார்ப்பது வீண். அதில் பேஸ் வரவழைக்க முயன்றால் வருவது காயில் கருகும் வாசனை மட்டுமே. குழாய்க்குத் தாங்காத தாழ்ந்த ஒலியை ஊட்டும்போது தகடு எல்லை மீறி ஆடிக் கிழிகிறது.

சரியான பழுதுக்கு முதல் விதி, வாங்கிவந்ததும் கரண்ட் கொடுக்காமல் இருப்பது. மீட்டரை ஓம்ஸில் வைத்து யூனிட்டின் இரண்டு முனையிலும் தொட்டால், 16 ஓம் யூனிட் பன்னிரண்டு பதின்மூன்று காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. காட்டுகிறது, ஆனால் ஒலி கரகரக்கிறது என்றால் காந்த இடுக்கில் துருவோ இரும்புத்தூளோ உட்கார்ந்திருக்கும். அதை ஊதி எடுக்க முடியாது, காந்தம் விடாது; ஒட்டும் டேப்பை மடித்து இடுக்கில் விட்டுச் சுற்றி எடுக்க வேண்டும். ஒருமுறையில் வராது. பத்து முறை, இருபது முறை, டேப் வெள்ளையாகவே வெளியே வரும்வரை.

ஏற்காட்டுப் பக்கம் கிடந்த குழாய்களுக்கு இது கட்டாய வைத்தியம். பனியும் மூடுபனியும் தொண்டை வழியாக இறங்கி, யூனிட்டின் வாசலில் நீராகிவிடும். மலையில் கிடந்த மரப்பெட்டி ஸ்பீக்கர்களுக்கும் ரேடியோகிராம்களுக்கும் சோதனை வேறு விதம்: காகிதக் கோனில் பூஞ்சை, பிளைவுட் ஊதல், 1970-களுக்குப் பிறகு வந்தவையென்றால் கோனின் விளிம்பிலிருக்கும் ஃபோம் விரல் பட்டாலே பிசுபிசுவென்று உதிரும். ஈரக்காற்றில் அந்த ஃபோம் தானாகவே சிதைகிறது. துணி விளிம்பு வைத்த அதைவிடப் பழைய ஸ்பீக்கர்கள் நன்றாகவே இருக்கும். மூத்தது இளையதைவிடத் திடமாக இருக்கும் விசித்திரம் இந்தத் துறையில் சகஜம்.

காந்தத்திலும் தலைமுறை உண்டு. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த ஆல்நிகோ காந்தம் 1930-களில் பிறந்தது. அதற்கு முன்னால் பெரும்பாலும் காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருளுக்குத் தனியாக மின்சாரம் கொடுத்தார்கள். 1978-இல் ஜைர் நாட்டின் ஷாபா மாகாணத்துச் சண்டையில் கோபால்ட் விலை எகிறியதும், உலகம் முழுக்க ஸ்பீக்கர்காரர்கள் மலிவான ஃபெரைட்டுக்கு மாறினார்கள். ஆப்பிரிக்கச் சுரங்கச் சண்டை ஒன்று உலகத்து ஸ்பீக்கர்களின் வயிற்றை மாற்றிய கதை அது. ஆல்நிகோ யூனிட் கையில் கிடைத்தால் காந்தத்தை இரும்புக் கட்டிலிருந்து கழற்றவே கூடாது. கழற்றிய மாத்திரத்தில் அதன் வலுவில் ஒரு பகுதி போய்விடும், திரும்பப் பொருத்தினாலும் வராது. சுத்தம் செய்யும் ஆர்வத்தில் இப்படிச் செத்துப்போன நல்ல யூனிட்கள் ஏராளம்.

அகுஜா போன்ற இந்திய யூனிட்களுக்குப் புது டயாபிரம் (அதிரும் தகடு) இன்னும் கடையில் கிடைக்கிறது. நான்கு ஸ்க்ரூ, பத்து நிமிஷ வேலை. பழைய இறக்குமதி யூனிட்டுக்குப் பாகம் கிடையாது. அப்போது பழைய காயிலின் சுற்றை எண்ணி, கம்பியின் கனத்தை அளந்து, புதிதாகச் சுற்ற வேண்டியதுதான். மோட்டார் காயில் கட்டும் கைக்கு இது தெரிந்த வித்தைதான், கம்பி மட்டும் தலைமுடி மெல்லிசு. கோன் ஸ்பீக்கர் என்றால், காயில் காந்த இடுக்கின் சரிநடுவில் நிற்க, பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கீற்றாக வெட்டிச் சுற்றிலும் செருகி, பசை காய்ந்தபின் உருவிவிடுவார்கள். கடைசியில் ஒன்றரை வோல்ட் செல்லை ஒரு கணம் தொட்டுப் பார்ப்பது: கோன் முன்னால் துள்ளினால் செல்லின் பாசிட்டிவ் பட்ட முனைதான் ஸ்பீக்கரின் பாசிட்டிவ். அதில் சிவப்புப் பொட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வால்வு ஆம்ப்ளிஃபயர் தனிப் பாடம். உள்ளே 300 முதல் 500 வோல்ட் வரை உண்டு. பல வருஷம் சும்மா கிடந்த செட்டை நேரே பிளக்கில் சொருகினால் கன்டென்சர் வெடிக்கலாம். 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஏற்றினால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பீக்கரை மாட்டாமல் வால்வு செட்டை ஓட்டவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அது போனால், அந்தக் கனத்துக்கு அதைச் சுற்றித்தர ஆள் தேடி அலைய வேண்டும்.

இத்தனை குழாய்கள் எடைக்கு வந்தது ஏன்? ஒரு காரணம் ஃபேஷன். பேஸ் இல்லாத பாட்டு 1990-களுக்குப் பிறகு யாருக்கும் பிடிக்கவில்லை. ஆளுயரப் பெட்டிகள் வந்தன. இன்னொரு காரணம் சட்டம். 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு கட்டின. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்றன. அதே ஆண்டு சென்னைக் குடியிருப்புவாசிகள் ஒரு திருச்சபைமீது தொடுத்த வழக்கில், அடுத்தவரின் அமைதியைக் கெடுக்கும் ஒலிபெருக்கி வழிபாட்டு உரிமையாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005 ஜூலையில் வந்த விரிவான தீர்ப்பு இதையெல்லாம் இறுக்கியது. கோயில் விழாக்களுக்குப் போலீஸ் தரும் அனுமதியில், கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது என்ற நிபந்தனை வழக்கமாகிவிட்டது.

குழாய் மேல் பிரியம் உள்ளவர்கள் இதை அநியாயம் என்பார்கள். கணக்குப் போட்டால் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபல் வரை தரக்கூடியது குழாய். தூரம் இரட்டிக்கும்தோறும் 6 டெசிபல் குறையும். அப்படியானால் 256 மீட்டர் தள்ளியும் 57 டெசிபல் இருக்கும். அதுவே வரம்புக்கு மேல். இது வெறும் ஒரு வாட்டுக்கு. முப்பது வாட் என்றால் மேலும் 15 டெசிபல் கூட்டிக்கொள்ள வேண்டும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் நோயாளியும் குடியிருக்கும் தெருவில் இதற்கு இடமில்லை என்பது சரியான தீர்ப்பு. ஊரெல்லாம் கேட்க வேண்டும் என்பதற்காகவே செய்த பொருள் இது. ஊரெல்லாம் கேட்கக்கூடாது என்று ஆனபின் அதற்கு வேலை போனது. பழுது பார்த்து வைத்திருப்பவர்கள் கால் வாட்டில், வீட்டு முற்றத்தில், ஒலியைக் குறைத்துக் கேட்டுக்கொள்வதே நியாயம். குறைவான ஒலியில் குழாயின் கரகரப்பு அடங்கி, குரல் இன்னும் தெளிவாக நிற்கும் என்பது வேறு விஷயம்.

பழுது பார்க்கிறவர்களிடம் ஒரே ஒரு மனத்தாங்கல் உண்டு. வாங்கிவந்த குழாயை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று சாம்பல் நிறமோ வெள்ளி நிறமோ அடித்துவிடுகிறார்கள். படமெடுக்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தத் தேய்ப்பில் போவது சவுண்டு சர்வீஸின் பெயர். மைக் செட் தொழிலுக்கு யாரும் சரித்திரம் எழுதி வைக்கவில்லை. கல்யாண அழைப்பிதழில் அச்சகத்தின் பெயர் உண்டு, செட்டுக்காரர் பெயர் பெரும்பாலும் கிடையாது. விழா நோட்டீஸில் ‘ஒலி ஒளி அமைப்பு’ என்று கடைசி வரியில் வந்தால் உண்டு. நோட்டீஸ்கள் மழையில் கரைந்துவிட்டன. எந்த ஊரில், யார், எப்போது கடை வைத்திருந்தார் என்பதற்கு எஞ்சியிருக்கும் ஆவணங்களில் முக்கியமானது குழாயின் வெளிப்பக்கத்தில் பெயிண்டரின் கையால் எழுதிய அந்த இரண்டு வரிதான். சில குழாய்களில் அடுக்கடுக்காக மூன்று பெயர் இருக்கும். ஒருவர் விற்று இன்னொருவர் வாங்கிய வரலாறு அது, மரத்தின் வளையம் மாதிரி.

ஆகவே ஒரு வேண்டுகோள். சேலத்திலோ ஆத்தூரிலோ ஏற்காட்டுச் சந்தையிலோ ஒரு பழைய குழாய் உங்கள் கைக்கு வந்தால், காயிலை மாற்றுங்கள், துருவை நீக்குங்கள், குளவிக்கூட்டைத் தட்டிவிடுங்கள். உப்புத்தாளை எடுக்கும் முன்னால், சாய்ந்த வெயிலில் அந்தப் பெயிண்டை நான்கு பக்கமும் படமெடுத்து, எங்கே யாரிடம் வாங்கியது என்று தேதியோடு எழுதி வையுங்கள். முடிந்தால், உரிந்ததோ மங்கியதோ, அந்த இரண்டு வரியை மட்டும் தேய்க்காமல் விட்டுவிடுங்கள்.